ஐந்து ஆண்டு என்றால் எத்தனை நாள்? பிரபலங்களின் சிறைத் தண்டனையும் அதன் கணக்கும்

நடிகர் ஒருவருக்கு ஐந்து ஆண்டு சிறை என்று தொலைக்காட்சியில் செய்தி ஓடுகிறது. மூன்றாம் நாள் அதே நடிகர் தம் வீட்டு மாடத்தில் நின்று, கீழே கூடியிருக்கும் ரசிகர்களுக்குக் கைகாட்டுகிறார். 2018 ஏப்ரலில் சல்மான் கான் விஷயத்தில் நடந்தது இதுதான். இத்தகைய காட்சிகளைப் பார்ப்பவர்கள், பிரபலங்களுக்கு நீதிமன்றங்கள் போதிய தண்டனை கொடுப்பதில்லை என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறார்கள்.

அந்த முடிவு பாதிதான் சரி. கீழே எடுத்துக்கொள்ளப்படும் வழக்குகளில், தீர்ப்பில் வாசிக்கப்பட்ட ஆண்டுக்கணக்கு அப்படியொன்றும் குறைவானதன்று. சில இடங்களில் அது சட்டத்தின் உச்ச அளவையே தொட்டிருக்கிறது. புகழும் பணமும் வேலை செய்யும் இடம் வேறு: எந்தப் பிரிவில் வழக்கு, விசாரணை எத்தனை ஆண்டு, மேல்முறையீட்டின்போது ஜாமீன் எத்தனை மணி நேரத்தில், சிறைக்குள் போன பிறகு விடுப்பு எத்தனை நாள் என்பவைதாம் அந்த இடங்கள். தண்டனை போதுமா என்று கேட்பவர் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தண்டனையின் எல்லையை வகுப்பது யார்?

நீதிபதி தம் விருப்பப்படி ஆண்டுகளை அள்ளிக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு குற்றத்துக்கும் சட்டம் ஓர் உச்ச அளவை வைத்திருக்கிறது. சில குற்றங்களுக்குக் குறைந்தபட்ச அளவும் உண்டு. குறைந்தபட்சம் என்று சட்டம் சொல்லிவிட்டால், விதிவிலக்கு எதுவும் இல்லாதபோது, அதற்குக் கீழே இறங்க விசாரணை நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. குற்றம் நடந்த நாளில் எந்தச் சட்டம் நடப்பில் இருந்ததோ அதன்படியே தண்டனை என்பது அரசமைப்புச் சட்டத்தின் 20(1) பிரிவு தரும் பாதுகாப்பு. பின்னாளில் சட்டம் கடுமையாக்கப்பட்டாலும் பழைய குற்றத்துக்கு அது பொருந்தாது.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில் எந்தப் புள்ளியில் நிற்பது என்பதற்கு இந்தியாவில் எழுதிவைத்த வழிகாட்டி கிடையாது. இங்கிலாந்தில் 2010 முதல் தண்டனைகளுக்கென்றே தனி மன்றம் ஒன்று செயல்பட்டு, குற்றவகை ஒவ்வொன்றுக்கும் தொடக்கப் புள்ளி இது, கூட்டக்கூடிய காரணம் இது, குறைக்கக்கூடிய காரணம் இது என்று பட்டியலிடுகிறது. இங்கே குற்றவியல் நீதிமுறையைச் சீர்திருத்த அரசு அமைத்த மளிமத் குழு 2003-இலும் மாதவ மேனன் குழு 2008-இலும் இப்படிப்பட்ட வழிகாட்டி வேண்டும் என்று பரிந்துரைத்தன. அதற்கென ஒரு சட்டம் இன்றுவரை வரவில்லை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இந்த இடைவெளியை அப்படியே விட்டிருக்கிறது. ஆகவே ஒருவருக்கு ஏன் மூன்று, இன்னொருவருக்கு ஏன் ஐந்து என்று கேட்டால், "வழக்கின் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு" என்ற சொற்றொடரைத் தாண்டி விடை கிடைப்பது அரிது. சந்தேகம் முளைப்பதற்கு இதைவிட நல்ல நிலம் வேண்டியதில்லை.

சஞ்சய் தத்: ஐந்து ஆண்டின் வரவு செலவு

ஒரு தண்டனை எப்படி நாள்களாக மாறுகிறது என்பதைக் காட்ட சஞ்சய் தத் வழக்கைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

1993 மார்ச் 12 அன்று பம்பாயில் அடுத்தடுத்து வெடித்த குண்டுகளில் 257 பேர் இறந்தார்கள். எழுநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அந்தச் சதியோடு தொடர்புடையவர்கள் கொண்டுவந்த ஆயுதங்களிலிருந்து ஏகே-56 துப்பாக்கி ஒன்றைத் தம் வீட்டில் வைத்திருந்தார் என்பது தத் மீதான குற்றச்சாட்டு. மூன்று துப்பாக்கிகள் வந்தன, இரண்டைத் திருப்பிக் கொடுத்தார், ஒன்றை வைத்துக்கொண்டார் என்பது வழக்கின் விவரம். வெளிநாட்டுப் படப்பிடிப்பிலிருந்து திரும்பிய அவர் 1993 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார்.

2006 நவம்பரில், பயங்கரவாதத்துக்கு எதிரான தனிச் சட்டமான தடாவின் கீழ் அமைந்த நீதிமன்றத்தின் நீதிபதி பி.டி. கோடே அவரைத் தடா குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, ஆயுதச் சட்டத்தின் கீழ் மட்டும் குற்றவாளி என்றார். 2007 ஜூலை 31 அன்று ஆறு ஆண்டு கடுங்காவல் தண்டனை விதித்தார். 2013 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி. சதாசிவம், பி.எஸ். சௌஹான் அமர்வு குற்றத்தை உறுதிசெய்து, தண்டனையை ஐந்து ஆண்டாகக் குறைத்தது. தடை செய்யப்பட்ட ஆயுதத்துக்கு அன்றைய ஆயுதச் சட்டத்தின் 25(1-ஏ) பிரிவு வைத்திருந்த அளவு, குறைந்தது ஐந்து, அதிகம் பத்து. கிடைத்தது குறைந்தபட்சம். நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கும் சட்டத்தைத் தமக்குப் பயன்படுத்துமாறு தத் தரப்பு கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. குற்றத்தின் தன்மை அதற்கு இடந்தராது என்று கூறிவிட்டது.

இப்போது அந்த ஐந்து ஆண்டைக் கழித்துப் பார்க்கலாம்.

1. ஐந்து ஆண்டு என்பது ஏறத்தாழ 1,826 நாள்கள்.

2. விசாரணைக் கைதியாக அவர் முன்பே கழித்த காலம் சுமார் 18 மாதங்கள். தீர்ப்புக்கு முன் சிறையில் இருந்த காலத்தைத் தண்டனையில் கழித்துக்கொள்வது எல்லாக் கைதிகளுக்கும் உள்ள உரிமை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 428-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 468. இதில் சலுகை எதுவும் இல்லை. மீதம் 42 மாதங்கள்.

3. 2013 மே 16 அன்று சரணடைந்தார். சில நாளில் புணேயின் எரவாடா சிறைக்கு மாற்றப்பட்டார். 2016 பிப்ரவரி 25 அன்று வெளியே வந்தார். இடைப்பட்ட காலம் 1,015 நாள்கள்.

4. அந்த 1,015 நாள்களிலும் பரோல், பர்லோ என்ற விடுப்புகளாக ஏறத்தாழ நான்கு மாதங்கள் வீட்டில் இருந்தார்.

5. எஞ்சிய எட்டு மாதங்களுக்கும் மேற்பட்ட காலம், நன்னடத்தைக்கும் சிறை வேலைக்கும் விதிப்படி கிடைத்த தண்டனைக் கழிவு. காகிதப் பை செய்வது அவருக்குத் தரப்பட்ட வேலைகளில் ஒன்று.

ஆக, ஐந்து ஆண்டில் சிறைச் சுவருக்குள் கழிந்தது, விசாரணைக் காலத்தையும் சேர்த்து, நான்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு வாரம் கூடக்குறைய. இதைக் கேட்டு, பேசப்பட்ட அளவுக்கு மோசமில்லையே என்று யாராவது சொன்னால் மறுப்பதற்கில்லை. அவரை முன்கூட்டி விடுவித்தது தவறு என்று தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2018-இல் தள்ளுபடி செய்தது.

என் பார்வையில், இந்த வழக்கில் எடை குறைந்த இடம் ஐந்தாவது படி அன்று. அதற்கெல்லாம் முந்தைய படி. எந்தச் சட்டத்தின் கீழ் குற்றவாளி என்பதுதான் அது. அறிவிக்கப்பட்ட பகுதியில் இத்தகைய ஆயுதத்தை வைத்திருப்பதற்குத் தடா சட்டத்தின் 5-ஆவது பிரிவிலும் குறைந்தபட்சம் ஐந்து ஆண்டுதான். ஆனால் உச்சம் ஆயுள். தற்காப்புக்காகவே வாங்கினார் என்ற விளக்கம் ஏற்கப்பட்டதால் தத் அந்தச் சட்டத்திலிருந்து விடுபட்டார். சிபிஐ அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவில்லை. அதே வழக்கில், ஆயுதங்களைத் தம் வீட்டில் வைக்க இடங்கொடுத்ததாக, தீர்ப்பின்போது எழுபது வயதை எட்டியிருந்த ஒரு மூதாட்டி தடாவின் கீழேயே தண்டிக்கப்பட்டார். அவருக்கும் ஐந்து ஆண்டு. எண் ஒன்றுதான், ஒருவர் பெயரில் ஆயுதக் குற்றம், மற்றவர் பெயரில் பயங்கரவாதக் குற்றம். உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு இருவருக்குமே மன்னிப்புக் கேட்டு மனுச் செய்தார். ஊர் விவாதித்தது ஒருவரைப் பற்றி மட்டும்.

ஒரே பெயர் கொண்ட இரண்டு குறைப்புகள்

செய்திகளில் "தண்டனைக் குறைப்பு" என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு விஷயங்கள் குறிக்கப்படுகின்றன. குழப்பத்தின் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

முதலாவது, சிறை விதிகளின்படி கிடைக்கும் கழிவு. 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தைப் பின்பற்றி ஒவ்வொரு மாநிலமும் விதி வகுத்திருக்கிறது. ஒழுங்காக நடந்தால் மாதத்துக்கு இத்தனை நாள், வேலை செய்தால் இத்தனை நாள் என்று சிறைப் பதிவேட்டில் வரவு வைக்கப்படும். கண்காணிப்பாளர் மட்டத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடும் கணக்கு இது.

இரண்டாவது, மாநில அரசு தன் அதிகாரத்தைப் பயன்படுத்தித் தண்டனையின் எஞ்சிய பகுதியைத் தள்ளுபடி செய்வது. பழைய சட்டத்தில் 432-ஆவது பிரிவு, இப்போது 473. ஆயுள் கைதிகளை முன்விடுதலை செய்வது இதன் வழியாகத்தான். சிபிஐ விசாரித்த வழக்கு என்றால் மத்திய அரசைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 435-ஆவது பிரிவு சொன்னது. அந்தக் "கலந்தாலோசனை" என்பதன் பொருள் இசைவு பெறுவதே என்று 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் கைதிகளைத் தமிழ்நாடு அரசு விடுவிக்க முயன்றதிலிருந்து கிளைத்த வழக்கு அது.

எரவாடாக் கதை தமிழ்நாட்டோடு சேருவது இந்த இடத்தில்தான். பேரறிவாளன் 1991 ஜூனில், 19 வயதில் கைதானார். ஒன்பது வோல்ட் பேட்டரிகள் இரண்டை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2014 பிப்ரவரி 18 அன்று அதை ஆயுளாகக் குறைத்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அப்போது தலைமை நீதிபதியாக இருந்த பி. சதாசிவம். தத்தின் தண்டனையை ஓராண்டு முன்பு உறுதிசெய்தவரும் அவரே. தத் விடுதலையானதும் பேரறிவாளன் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டார். தத்தின் வழக்கும் சிபிஐ நடத்தியது, ஆயுதச் சட்டமும் மத்தியச் சட்டம். அவரை முன்கூட்டி விடுவித்தபோது மத்திய அரசைக் கேட்டீர்களா என்பது அவருடைய கேள்வியின் சாரம். உரிய விடை கிடைக்காமல் 2020-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனார்.

சட்டப்படி அந்தக் கேள்விக்கு விடை மேலே சொன்ன வேறுபாட்டில் இருக்கிறது. தத்துக்குக் கிடைத்தது முதல் வகை. அதற்கு யாருடைய இசைவும் தேவைப்படவில்லை. பேரறிவாளன் கேட்டது இரண்டாம் வகை. இருவரின் குற்றச்சாட்டும் ஒரே எடை கொண்டவை அல்ல என்பதையும் மறக்கக் கூடாது: ஒன்று ஆயுதம் வைத்திருந்தது, மற்றது ஒரு முன்னாள் பிரதமரோடு வேறு பலரும் இறந்த கொலைச் சதி. ஆயினும் இந்த ஒப்பீட்டில் சட்ட விளக்கத்தால் மூட முடியாத ஒரு பகுதி உண்டு. தத்துக்கு முதல் விடுப்பு 2013 அக்டோபரில், சரணடைந்து ஐந்து மாதத்தில் கிடைத்தது. பேரறிவாளனுக்கு முதல் விடுப்பு 2017 ஆகஸ்டில், கைதாகி 26 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது. இரண்டு மாநிலங்கள், இரண்டு விதித்தொகுப்புகள் என்று இதற்குக் காரணம் சொல்லலாம். ஒரு கைதியின் தாய்க்கு அந்தக் காரணம் எப்படி ஒலிக்கும் என்பது வேறு. பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18 அன்று, உச்ச நீதிமன்றம் அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்திய பிறகுதான்.

பரோலும் பர்லோவும்

பரோல் என்பது குறிப்பிட்ட தேவைக்காக, அதாவது சாவு, திருமணம், நோய் போன்றவற்றுக்காகத் தரப்படும் தற்காலிக விடுப்பு. பர்லோ என்பது நீண்ட காலக் கைதி குடும்பத்தோடு உறவு அறுந்துபோகாமல் இருக்க, குறிப்பிட்ட காரணம் கேட்காமலே ஆண்டுக்கு இத்தனை நாள் என்று தரப்படுவது. பல மாநிலங்களில் பர்லோ நாள்கள் தண்டனைக் காலத்தில் சேரும்; பரோல் நாள்கள் சேரா, அவற்றைப் பின்னர் சிறையில் கழித்தாக வேண்டும். ஆகவே பரோலில் வந்தவர் தண்டனையைத் தப்பித்துவிட்டார் என்று சொல்வது சரியான கணக்கன்று.

ஆனால் யாருக்கு, எப்போது என்பதைத் தீர்மானிப்பது அரசு. தேரா சச்சா சௌதாவின் தலைவர் குர்மீத் ராம் ரஹீம் சிங் சாமியாராக மட்டுமன்றித் திரைப்பட நாயகனாகவும் தம்மை நிறுவிக்கொண்டவர். இரண்டு பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக 2017 ஆகஸ்ட் 28 அன்று அவருக்குப் பத்தும் பத்தும் இருபது ஆண்டு, ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கும்படி விதிக்கப்பட்டது. பொதுவாகப் பல குற்றங்களுக்கான தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்கச் சொல்வதே வழக்கம். ஒன்றன்பின் ஒன்று என்பது கடுமையின் அடையாளம். எனவே தீர்ப்பைக் குறைசொல்ல இடமில்லை. பின்னர் நடந்ததைப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் பஞ்சாப் தேர்தலுக்கு முன் 21 நாள் வெளியே, அதே ஆண்டு அக்டோபரில் 40 நாள், 2023 ஜனவரியில் 40 நாள், 2024 ஜனவரியில் 50 நாள், 2024 அக்டோபரில் ஹரியானா தேர்தலை ஒட்டி 20 நாள், 2025 ஜனவரியில் டெல்லி தேர்தலுக்கு முன் 30 நாள், ஏப்ரலில் 21, ஆகஸ்டில் 40. பட்டியல் முழுமையானதன்று.

ஹரியானா அரசின் பதில் எளியது: 2022-ஆம் ஆண்டின் நன்னடத்தைக் கைதிகள் தற்காலிக விடுதலைச் சட்டம் ஓராண்டில் பத்து வாரப் பரோலும் மூன்று வாரப் பர்லோவும் அனுமதிக்கிறது. கூட்டினால் 91 நாள். ஆண்டில் கால் பங்கு. தகுதியுள்ள எந்தக் கைதியும் கேட்கலாம் என்பது உண்மைதான். அப்படிக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு எத்தனை நாள் கிடைத்தது என்ற பட்டியல் பொதுவெளியில் இருந்தால், வாக்குப்பதிவுக்கு முன்னால் இவருடைய கதவு திறப்பது தற்செயலா என்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்காது.

தீர்ப்பு வரும் முன்பே தீர்ந்துவிடுவது

2002 செப்டம்பர் 28 அதிகாலை, பாந்திராவில் ஒரு பேக்கரி வாசலில் படுத்திருந்தவர்கள் மீது சல்மான் கானின் கார் ஏறியது. ஒருவர் இறந்தார், நால்வர் காயமடைந்தார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற 304-ஏ பிரிவா, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற 304-ஆவது பிரிவின் இரண்டாம் பகுதியா என்பதே முதல் சண்டை. முன்னதற்கு அன்று உச்சம் இரண்டு ஆண்டு, பின்னதற்குப் பத்து. இந்த ஒரு கேள்வி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், மீண்டும் மாஜிஸ்திரேட் என்று சுற்றி வந்தது. கடைசியில் கனமான பிரிவில் செஷன்ஸ் நீதிமன்றத்தில் புதிதாக விசாரணை தொடங்கியபோது பத்தாண்டு கடந்துவிட்டது. முக்கியச் சாட்சியான மெய்க்காவல் காவலர் அதற்குள், 2007-இல், இறந்துவிட்டார்.

2015 மே 6 அன்று நடந்ததைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். நண்பகலை ஒட்டிச் செஷன்ஸ் நீதிபதி டி.டபிள்யூ. தேஷ்பாண்டே ஐந்து ஆண்டு தண்டனையை அறிவிக்கிறார். தீர்ப்பின் முழு நகல் கைக்கு வரவில்லை என்பதைக் காரணமாக வைத்து அன்று மாலைக்குள் உயர் நீதிமன்றம் இரண்டு நாள் இடைக்கால ஜாமீன் தருகிறது. சிறை வாகனம் கிளம்பவே இல்லை. மே 8 அன்று தண்டனை நிறுத்திவைக்கப்படுகிறது. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று உயர் நீதிமன்றம் அவரை விடுதலையே செய்துவிட்டது. இறந்துபோன காவலரின் வாக்குமூலத்தை நம்பித் தண்டிக்க முடியாது என்பது அதன் காரணங்களில் ஒன்று.

ஒவ்வொரு படியும் சட்டத்துக்கு உட்பட்டதே. மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கும் அதிகாரம் பழைய சட்டத்தின் 389-ஆவது பிரிவில் இருந்தது; இப்போது 430. குறுகிய தண்டனை பெற்றவரின் மேல்முறையீடு விசாரணைக்கு வருவதற்குள் தண்டனையே முடிந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு நியாயமானதும்கூட. இதே பிரிவின்படி மூன்று ஆண்டு வரையிலான தண்டனை என்றால் விசாரணை நீதிமன்றமே ஜாமீன் தரலாம்; அதற்கு மேல் என்றால் மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 2018 ஏப்ரல் 5 அன்று ஜோத்பூர் அருகே கன்கானியில் 1998-இல் நடந்த மான் வேட்டைக்காக ஐந்து ஆண்டு விதிக்கப்பட்டபோது சல்மான் கான் இரண்டு இரவு சிறையில் இருக்க நேர்ந்ததன் காரணம் இதுதான். மூன்று ஆண்டு விதித்திருந்தால் அந்த இரண்டு இரவுகூட இருந்திருக்காது. அந்தக் குற்றத்துக்கு அன்றைய வனவிலங்குச் சட்டத்தில் உச்சமே ஆறு ஆண்டுதான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், தீர்ப்பு கடுமையானதே.

நியாயமற்றது சட்டமன்று, வேகம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த ஏறத்தாழ 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர், அதாவது 75.8 சதவீதம், விசாரணைக் கைதிகள். ஒரே பிற்பகலில் உயர் நீதிமன்றக் கதவைத் தட்டித் திறக்க வைப்பது இவர்களில் எத்தனை பேருக்கு முடியும்?

பக்கத்திலேயே ஓர் ஒப்பீடு இருக்கிறது. 2006 நவம்பரில் அதே பாந்திராவின் கார்ட்டர் சாலையில், நடிகர் அல்லாத ஓர் இளைஞர் ஓட்டிய கார் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள் மீது ஏறி ஏழு பேர் இறந்தார்கள். 2007 ஏப்ரலிலேயே விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்தது: ஆறு மாதம். அதே ஆண்டில் உயர் நீதிமன்றம் கனமான பிரிவில் மூன்று ஆண்டாக்கியது. 2012-இல் அதை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், இந்தத் தண்டனை மிகக் குறைவு, ஆனால் அரசு மேல்முறையீடு செய்யாததால் கூட்ட முடியாது என்றது. ஏழு உயிருக்கு மூன்று ஆண்டு, ஓர் உயிருக்கு ஐந்து ஆண்டு. எண்ணை மட்டும் பார்த்தால் நடிகருக்குத்தான் கடுமை. ஆனால் அந்த இளைஞர் சிறை சென்றார். நடிகருக்குப் பன்னிரண்டரை ஆண்டு விசாரணை, ஒரே பிற்பகலில் ஜாமீன்.

உடலையே எதிராக எண்ணிய தீர்ப்பு

புகழ் எப்போதும் காப்பாற்றும் என்பதும் இல்லை. 1988 டிசம்பர் 27 அன்று பட்டியாலாவில் சாலையில் வழிவிடுவதில் மூண்ட சண்டையில் நவ்ஜோத் சிங் சித்து அடித்ததாகக் கூறப்பட்ட 65 வயது முதியவர் இறந்தார். 1999-இல் விடுதலை; 2006-இல் உயர் நீதிமன்றத்தில் மூன்று ஆண்டு; தேர்தலில் நிற்பதற்காக 2007-இல் அந்தத் தீர்ப்புக்குத் தடை; 2018-இல் உச்ச நீதிமன்றம் வெறும் காயம் விளைவித்தல் என்ற 323-ஆவது பிரிவில் மட்டும் குற்றவாளி என்று கூறி 1,000 ரூபாய் அபராதம். முப்பது ஆண்டு வழக்கு, ஆயிரம் ரூபாய்.

இறந்தவரின் குடும்பம் சீராய்வு மனுப் போட்டது. 2022 மே 19 அன்று நீதிபதிகள் ஏ.எம். கான்வில்கர், எஸ்.கே. கௌல் அமர்வு அபராதத்தோடு ஓராண்டு கடுங்காவலும் விதித்தது. அந்தப் பிரிவின் உச்சமே அதுதான். காரணம் கவனிக்கத்தக்கது: குத்துச்சண்டை வீரர், மல்யுத்த வீரர், கிரிக்கெட் வீரர் போன்ற உடல்வலிமை மிக்கவரின் கை ஆயுதத்துக்கு நிகராகலாம்; பன்னாட்டுக் கிரிக்கெட் ஆடியவருக்குத் தம் அடியின் வலு தெரிந்திருக்க வேண்டும். எதனால் அவர் பிரபலமானாரோ அதுவே தண்டனையைக் கூட்டும் காரணமாயிற்று. மறுநாள் சரணடைந்த சித்து, கழிவுகள் போகப் பத்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்து 2023 ஏப்ரல் 1 அன்று வெளியே வந்தார்.

இன்னொரு எடுத்துக்காட்டு தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்கு தெரிந்தது. சொத்துக்குவிப்பு வழக்கில் நான்கு ஆண்டு தண்டனை பெற்ற வி.கே. சசிகலா, 2017 பிப்ரவரி 15 முதல் 2021 ஜனவரி 27 வரை ஏறத்தாழ முழுக் காலத்தையும் பெங்களூரு பரப்பன அக்ரஹாராவில் கழித்தார். தத்துக்குக் கிடைத்ததைப் போன்ற மாதக்கணக்கான கழிவு அவருடைய கணக்கில் காணப்படவில்லை.

ஆனால் அதே சிறை வேறொரு வகையில் பேசப்பட்டது. சசிகலாவுக்குத் தனிச் சமையல் வசதி உட்படச் சலுகைகள் தரப்படுவதாக 2017 ஜூலையில் சிறைத்துறை டிஐஜியாக இருந்த டி. ரூபா அறிக்கை அளித்தார். 2024 ஆகஸ்டில், கொலை வழக்கில் விசாரணைக் கைதியாக அங்கிருந்த கன்னட நடிகர் தர்ஷன், கையில் சிகரெட்டும் காப்பிக் கோப்பையுமாக நாற்காலியில் அமர்ந்திருக்கும் படம் வெளியாகி, அவர் பெல்லாரிச் சிறைக்கு மாற்றப்பட்டார். குற்றச்சாட்டு மெய்யா என்பது விசாரணை நீதிமன்றம் சொல்ல வேண்டியது. ஆனால் 2025 ஆகஸ்ட் 14 அன்று அவருடைய ஜாமீனை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், சிறையில் ஐந்து நட்சத்திர உபசரிப்பு நடந்தால் கண்காணிப்பாளர்மீதுதான் முதல் நடவடிக்கை பாயும் என்று எச்சரித்தது. ஆண்டுக்கணக்கு பேசுகிறவர்கள் அந்த ஆண்டுகளுக்குள் இருக்கும் நாற்காலியையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

கூடுதல் ஆண்டுகள் உதவுமா?

மக்களின் கோபத்துக்கு அரசுகள் வழக்கமாகச் சொல்லும் விடை தண்டனையை உயர்த்துவது. 2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, தத் தண்டிக்கப்பட்ட அதே பிரிவின் குறைந்தபட்சம் ஐந்திலிருந்து ஏழாகவும், உச்சம் பத்திலிருந்து பதினான்காகவும் ஆக்கப்பட்டது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்குப் புதிய சட்டத்தில் உச்சம் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டாகிவிட்டது. இரண்டாவது மாற்றம் பயனுள்ளது. பிரிவுச் சண்டையில் பத்தாண்டு போவதற்கான தூண்டுதலை அது ஓரளவு குறைக்கும். முதலாவதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. குறைந்தபட்சம் உயரும்போது அது முழு எடையோடு விழுவது வழக்கறிஞர் வைக்க வழியில்லாதவர் மீது. வசதி படைத்தவர் போராடுவது ஆண்டுகளுக்காக அன்று. எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம், எந்தத் தேதி என்பதற்காக.

மாற்ற வேண்டியவை வேறு மூன்று. அவற்றில் முதலாவதுதான் மிக எளியது, மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே.

1. பரோல், பர்லோ, கழிவு ஆகியவற்றில் யார் கேட்டார், எத்தனை நாளில் முடிவாயிற்று, எத்தனை நாள் கிடைத்தது என்ற விவரத்தைச் சிறைவாரியாக வெளியிடுவது. பேரறிவாளன் தகவல் உரிமை மனுப் போட்டுத் தேடியது இதைத்தான்.

2. உயிரிழப்பு வழக்குகளில் எந்தப் பிரிவு என்பதைக் குறிப்பிட்ட காலத்துக்குள் இறுதியாக முடிவுசெய்து, சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே விசாரணையை முடிப்பது. கார்ட்டர் சாலை வழக்கில் ஐந்து மாதத்தில் முடிந்தது என்பதால் இது முடியாத காரியம் அன்று.

3. தண்டனை வழிகாட்டி ஒன்றை எழுதிவைப்பது. சித்துவின் உடல்வலிமை தண்டனையைக் கூட்டும் காரணம் என்றால், அது எல்லா விளையாட்டு வீரருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது. முப்பத்து நான்காம் ஆண்டில் சீராய்வில் கண்டுபிடிக்கப்பட வேண்டியது அன்று.

சிறைகள் மாநிலப் பட்டியலில் உள்ளவை. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, விடுப்பு, கழிவு, முன்விடுதலை ஆகியவற்றுக்கும் விதி சொல்லும் மாதிரிச் சிறைச் சட்டம் ஒன்றை மத்திய உள்துறை அமைச்சகம் 2023-இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. அதை ஏற்பதும் திருத்துவதும் ஒதுக்கிவைப்பதும் அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பம்.